குழாய்வழி உணவூட்டல்: கருவிகளின் பராமரிப்பும் பாதுகாப்பான மாற்றமும்

நலவாழ்வுத் துறையில் நாடு செய்துவரும் முதலீட்டைப் பற்றிப் பேசும்போது, மருத்துவமனைக் கட்டடங்கள், படுக்கைகள், அறுவை அரங்குகள், ஊடுகதிர்க் கருவிகள் ஆகியவையே நம் கவனத்திற்கு முதலில் வருகின்றன. இவற்றின் எண்ணிக்கை ஆண்டறிக்கைகளில் இடம்பெறுகிறது. இவற்றிற்கான ஒதுக்கீடு விவாதிக்கப்படுகிறது. ஆனால், விலையில் சிறியனவாகவும் சில வாரங்களே உழைப்பனவாகவும் உள்ள கருவிகள் இத்தகைய கவனத்தைப் பெறுவதில்லை. வாயால் உண்ண இயலாத நோயாளியின் இரைப்பைக்கு நீர்ம உணவைக் கொண்டுசெல்லும் மெல்லிய குழாய் அத்தகைய கருவிகளுள் ஒன்று. உடலுறுப்பாகிய உணவுக்குழாயினின்று வேறுபடுத்தும் பொருட்டு, இதனை ஊட்டுகுழாய் என இக்கட்டுரையில் குறிப்பிடுவோம்.

பக்கவாதத்தால் விழுங்கும் ஆற்றலை இழந்தோர், வாய் மற்றும் தொண்டைப் புற்றுநோயாளிகள், தலைக்காயமுற்று நினைவிழந்தோர், கடும் ஊட்டக்குறைவால் உண்ண மறுக்கும் குழந்தைகள், உறிஞ்சி விழுங்கும் திறன் முதிராத குறைமாதக் குழந்தைகள் ஆகியோருக்கு இக்குழாய் இன்றியமையாதது. இவர்களுள் பலர் சில நாட்களில் குணமடைந்து வாயால் உண்ணத் தொடங்குகின்றனர். எஞ்சியோர் குழாயுடனேயே வீடு திரும்புகின்றனர். அதன்பின் அக்குழாயைக் காப்பதும், உரிய காலத்தில் மாற்றுவதும் யாருடைய பொறுப்பு என்பதே இங்கு எழும் வினா. ஊட்டுகுழாய் ஒருமுறை வாங்கிப் பொருத்தித் தீர்ந்துவிடும் பொருளன்று. குறித்த இடைவெளியில் தொடர்ந்து நிறைவேற்றப்பட வேண்டிய சேவை. இவ்வுண்மை செயல்முறையிலும் கொள்முதலிலும் நிதி ஒதுக்கீட்டிலும் இடம்பெற வேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கருவிகளின் வகைகள்

ஊட்டுகுழாய்கள் இரு பெரும் வகையின. மூக்கின் வழியாக இரைப்பைக்குச் செலுத்தப்படுவது ஒருவகை. வயிற்றுச் சுவரில் இடப்பட்ட சிறு துளையின் வழியாக நேரே இரைப்பையை அடைவது மற்றொரு வகை.

நம் மருத்துவமனைகளில் ‘ரைல்ஸ் டியூப்’ என்று வழங்கப்படும் மூக்குவழிக் குழாய், 1921ஆம் ஆண்டில் இங்கிலாந்து மருத்துவர் ஜான் ரைல் அறிமுகப்படுத்திய குழாயின் பெயரைத் தாங்கியுள்ளது. இரைப்பைச் சாற்றை எடுத்து ஆராய்வதற்கென அது வகுக்கப்பட்டது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. இன்று இவ்வகைக் குழாய்கள் பெரும்பாலும் பி.வி.சி. எனப்படும் நெகிழியால் செய்யப்படுகின்றன. நீண்டகாலப் பயனுக்கென பாலியூரித்தேன் அல்லது சிலிக்கோனாலான மெல்லிய குழாய்கள் உள்ளன. குழாயின் பருமன் ‘பிரெஞ்சு’ என்னும் அலகால் குறிக்கப்படுகிறது. ஓர் அலகு என்பது வெளிவிட்டத்தில் மூன்றில் ஒரு மில்லிமீட்டர்; எனவே 12 பிரெஞ்சுக் குழாயின் வெளிவிட்டம் 4 மில்லிமீட்டர் ஆகும்.

வயிற்றுத்துளைக் குழாயை வயிற்றைத் திறக்காமல் உள்நோக்கிக் கருவியின் துணையால் பொருத்தும் முறையை அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் காடரர், பான்ஸ்கி ஆகிய மருத்துவர்கள் உருவாக்கி 1980ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ‘பெக் டியூப்’ என்று இதனை நம் மருத்துவர்கள் குறிப்பிடுவர். நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு மேல் குழாய்வழி உணவு தேவைப்படும் என்று தெரிந்தால் இம்முறை பரிசீலிக்கப்படுகிறது.

முதற் பாதுகாப்பு: குழாயின் நிலை

மூக்குவழிக் குழாயால் நேரும் பெருந்தீங்கு, அது இரைப்பைக்குச் செல்லாமல் மூச்சுக்குழாய் வழியே நுரையீரலை அடைவதாகும். அதனை அறியாமல் உணவைச் செலுத்தினால் நோயாளி உயிரிழக்கவும் கூடும். நினைவுள்ள நோயாளி இருமுவார். மூச்சுத் திணறலுக்கு உள்ளாவார். நினைவிழந்தவரிடமும், இருமும் ஆற்றல் குன்றியவரிடமும் இவ்வறிகுறிகள் தோன்றாமற் போகலாம். ஆகவே, அறிகுறி இல்லை என்பதையே பாதுகாப்புக்குச் சான்றாகக் கொள்ளலாகாது.

குழாயின் வழியே காற்றைச் செலுத்தி, வயிற்றின் மீது ஸ்டெத்தாஸ்கோப் வைத்து ஓசையைக் கேட்பது நெடுங்காலமாக வழக்கிலிருந்துவரும் சோதனை. குழாய் நுரையீரலில் இருக்கும்போதும் அவ்வோசை வயிற்றில் கேட்கக்கூடும் என்பதால் இச்சோதனை நம்பத்தக்கதன்று. இங்கிலாந்தின் தேசிய நோயாளர் பாதுகாப்பு முகமை 2005ஆம் ஆண்டிலேயே இதனைக் கைவிடுமாறு அறிவுறுத்தியது. குழாயின் முனையை நீரில் இட்டுக் குமிழி வருகிறதா என்று பார்ப்பதும் அவ்வாறே நம்பத்தகாதது.

ஏற்கத்தக்க முறைகள் இரண்டு. குழாயின் வழியே சிறிது சாற்றை உறிஞ்சி எடுத்து, பி.எச். அளவுத் தாளால் சோதிப்பது முதலாவது. அளவு 5.5 அல்லது அதற்குக் குறைவாக இருப்பின், குழாய் இரைப்பையில் உள்ளதெனக் கொள்ளலாம். நீல லிட்மஸ் தாள் இதற்குப் போதாது. அது அமிலம் உண்டா என்பதைக் காட்டுமேயன்றி அதன் அளவைக் காட்டாது. சாறு கிடைக்காதபோதும், அமிலத்தைக் குறைக்கும் மருந்துகளால் அளவு உயர்ந்திருக்கும்போதும் ஊடுகதிர்ப் படத்தால் உறுதி செய்வது இரண்டாவது முறை. ஐயம் நீங்கும் வரை உணவோ நீரோ மருந்தோ செலுத்தலாகாது. ஒரு வேளை உணவு தாமதமாவதால் வரும் தீங்கு சிறிது. தவறான இடத்தில் செலுத்தப்படும் உணவால் வரும் தீங்கு ஈடுசெய்ய இயலாதது.

நிலை உறுதியானபின், மூக்குத்துளையின் ஓரத்தில் குழாயின் மீது மையால் குறியிட்டு, அவ்விடத்தின் சென்டிமீட்டர் அளவைப் பதிவு செய்தல் வேண்டும். ஒவ்வொரு வேளை உணவுக்கு முன்னும் அக்குறி நகர்ந்துள்ளதா என்று பார்ப்பது வீட்டாரும் செய்யக்கூடிய எளிய சோதனை. குறி நகர்ந்திருந்தாலும், கடும் இருமல் அல்லது வாந்திக்குப் பின்னும், நிலையை மீண்டும் உறுதி செய்யாமல் உணவூட்டலாகாது.

அன்றாடப் பராமரிப்பு

உணவூட்டும்போதும் அதன்பின் குறைந்தது அரைமணி நேரமும் நோயாளியின் தலைப்பகுதி 30 முதல் 45 பாகை வரை உயர்ந்திருத்தல் வேண்டும். பெரியவர்களுக்கு ஒவ்வொரு வேளைக்கு முன்னும் பின்னும் ஏறத்தாழ 30 மில்லிலிட்டர் நீர் செலுத்திக் குழாயைக் கழுவுதல் வேண்டும். குழந்தைகளுக்கு இவ்வளவை மருத்துவரே வரையறுப்பார். மருந்துகளை உணவோடு கலக்காமல் தனித்தனியே கரைத்து, ஒவ்வொன்றுக்கும் இடையே நீர் விடல் வேண்டும். மெல்ல மெல்லக் கரைவதற்கென மேற்பூச்சு இடப்பட்ட மாத்திரைகளைப் பொடித்துச் செலுத்தலாகாது.

நம் இல்லங்களில் கஞ்சி, பருப்புநீர், பால், கேழ்வரகுக் கூழ் முதலியவற்றை அரைத்து வடிகட்டிச் செலுத்துவது வழக்கம். இது செலவு குறைந்தது. எனினும் இருவகை இடர்கள் இதில் உண்டு. கெட்டியான உணவு மெல்லிய குழாயை அடைத்துவிடும். அடைப்புக்கு அஞ்சி மிகுதியாக நீர் சேர்த்தால், வயிறு நிறையுமேயன்றி ஊட்டம் நிறையாது. ஆகவே குழாயின் பருமனுக்கேற்ற உணவுப் பக்குவத்தை, நோயாளி வீடு திரும்புமுன் உணவியல் வல்லுநர் வீட்டாருக்குச் செய்துகாட்டல் நலம். சமைத்த கலவையை அறைவெப்பத்தில் இரண்டு மணி நேரத்திற்கு மேல் வைத்திருந்து பயன்படுத்தலாகாது. கோடையில் இவ்வரையறை மேலும் சுருங்கும்.

அடைப்பு ஏற்பட்டால், 50 அல்லது 60 மில்லிலிட்டர் சிரிஞ்சால் வெதுவெதுப்பான நீரை மெல்லச் செலுத்தியும் இழுத்தும் நீக்க முயலலாம். சிறிய சிரிஞ்சு மிகுந்த அழுத்தத்தை உண்டாக்கிக் குழாயைக் கிழித்துவிடும். குளிர்பானங்களை ஊற்றுவதும், கம்பியை நுழைப்பதும் தவிர்க்கப்பட வேண்டியவை. மெல்லிய குழாயினுள் பொருத்தும்போது வழிகாட்டியாக வைக்கப்பட்டிருக்கும் கம்பியை, அதனை உருவியபின் உடலினுள் இருக்கும் குழாயில் ஒருபோதும் மீண்டும் செலுத்தலாகாது. அது குழாயைத் துளைத்து உறுப்புகளையும் புண்படுத்தும்.

மாற்றும் காலமும் முறையும்

குழாய் தேய்வதற்குக் காரணம் உண்டு. பி.வி.சி. நெகிழியை மென்மையாக்கும் சேர்மங்கள் உடலினுள் நாளடைவில் கசிந்து வெளியேறுகின்றன, குழாய் விறைப்படைகிறது, விறைத்த குழாய் மூக்கிலும் உணவுக்குழாயிலும் புண்ணை உண்டாக்குகிறது. எனவே பி.வி.சி. குழாய்கள் பொதுவாக 7 முதல் 10 நாட்களுக்குள்ளும், பாலியூரித்தேன், சிலிக்கோன் குழாய்கள் 4 முதல் 6 வாரங்களுக்குள்ளும் மாற்றப்படுகின்றன. இறுதி வரையறை, உற்பத்தியாளர் உறையின்மீது குறித்துள்ள காலமேயாகும். காலம் முடியாவிடினும், வெடிப்பு, கசிவு, நீங்காத அடைப்பு, நிறமாற்றம் ஆகியவை காணப்பட்டால் உடனே மாற்றுதல் வேண்டும்.

மூக்குவழிக் குழாயைப் பயிற்சி பெற்ற செவிலியரோ மருத்துவரோ மாற்றுதல் வேண்டும். பழைய குழாயை நீரால் கழுவி, முனையை மூடிய நிலையில் உருவினால், எஞ்சிய உணவு மூச்சுப்பாதையில் சொட்டாது. புதிய குழாயின் நீளம் மூக்கு நுனியிலிருந்து காதுமடல் வரையிலும், அங்கிருந்து மார்பெலும்பின் கீழ்முனை வரையிலும் அளந்து அறியப்படுகிறது. இயன்றவரை மறு மூக்குத்துளையைப் பயன்படுத்துவது புண்ணைத் தவிர்க்கும். மண்டையோட்டின் அடித்தள எலும்பு முறிந்தவருக்கு மூக்குவழியாகக் குழாய் செலுத்தலாகாது. புதிய குழாய் ஒவ்வொன்றும் முதற்குழாயே என்று கருதி, அதன் நிலையை முறைப்படி உறுதி செய்தல் வேண்டும்.

வயிற்றுத்துளைக் குழாய்க்கு விதிகள் வேறு. துளையைச் சுற்றியுள்ள தோலை நாள்தோறும் சோப்பும் நீரும் கொண்டு கழுவி உலர்த்துதல் வேண்டும். துளை ஆறியபின், மருத்துவர் கூறியவாறு குழாயைச் சுழற்றி வருதல், உட்பகுதி இரைப்பைச் சுவரில் புதைந்துவிடாமல் தடுக்கும். பலூன் வகைக் குழாயில், பலூனிலுள்ள நீரின் அளவை வாரம் ஒருமுறை சரிபார்த்தல் வேண்டும். இவ்வகை 3 முதல் 6 மாதங்களுக்கு ஒருமுறை மாற்றப்படுகிறது.

இக்குழாய் தானே வெளிவந்துவிட்டால் என் செய்வது என்பதை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருத்தல் வேண்டும். பொருத்தி ஏறத்தாழ நான்கு வாரங்கள் ஆகாத நிலையில், துளையின் பாதை உறுதிப்பட்டிராது. அப்போது வீட்டில் மீண்டும் நுழைக்க முயன்றால், குழாய் இரைப்பைக்கு வெளியே வயிற்றறையினுள் சென்றுவிடும். அதன்வழி உணவு செலுத்தினால் உயிருக்கே கேடு விளையும். பாதை உறுதிப்பட்ட பின்னரும், சில மணி நேரத்திலேயே துளை சுருங்கத் தொடங்கும். ஆகவே இரு நிலைகளிலும் துளையைத் தூய துணியால் மூடி, வெளிவந்த குழாயையும் எடுத்துக்கொண்டு, தாமதமின்றி மருத்துவமனையை அடைதலே முறை.

விலையும் செலவும்

இனி, இதன் பொருளியல் கூறுகளைக் காண்போம். கொள்முதலில் ஒரு குழாயின் விலையை மட்டும் ஒப்பிடுவது போதுமான அளவுகோலன்று. ஒரு நாள் பயனுக்கு ஆகும் செலவே சரியான அளவுகோல். கணக்கின் வசதிக்காக, ஒரு பி.வி.சி. குழாய் 50 ரூபாய் என்றும், ஒரு பாலியூரித்தேன் குழாய் 500 ரூபாய் என்றும் கொள்வோம். முன்னது 7 நாளும் பின்னது 35 நாளும் உழைக்குமாயின், குழாயின் விலை மட்டும் நாளொன்றுக்கு முறையே ஏறத்தாழ 7 ரூபாயும் 14 ரூபாயும் ஆகிறது. இந்நிலையில் பி.வி.சி. குழாயே மலிவாகத் தோன்றும்.

ஆனால் ஒவ்வொரு மாற்றத்திற்கும் செவிலியரின் வருகை, நோயாளியின் போக்குவரத்து, உடன் வருபவரின் ஒரு நாள் கூலி இழப்பு, நிலையை உறுதி செய்யும் சோதனை ஆகியவற்றுக்கு 300 ரூபாய் ஆவதாகக் கொள்வோம். அப்போது பி.வி.சி. குழாயின் செலவு 7 நாளுக்கு 350 ரூபாய், அதாவது நாளொன்றுக்கு 50 ரூபாய். பாலியூரித்தேன் குழாயின் செலவு 35 நாளுக்கு 800 ரூபாய், அதாவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 23 ரூபாய். விலையில் பத்து மடங்கான குழாய், செலவில் பாதிக்கும் குறைவாகிவிடுகிறது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் நோயாளி படும் துன்பமும், குழாய் தவறான இடத்தை அடையும் இடரும் இக்கணக்கில் சேர்க்கப்படவில்லை.

மருத்துவமனையில் சில நாட்களே தங்கும் நோயாளிக்குப் பி.வி.சி. குழாய் போதுமானது. வீட்டிற்கு அனுப்பப்படும் நோயாளிக்கே நீண்டகாலக் குழாய் பொருந்தும். ஆகவே கொள்முதலுக்கான தொழில்நுட்ப விவரக்குறிப்பில் இரு தேவைகளையும் தனித்தனியே வகுத்துக் காட்டினால், குறைந்த விலைப்புள்ளியை ஏற்கும் நடைமுறைக்கு ஊறு நேராமலேயே தக்க கருவியைப் பெற இயலும்.

தேவைப் பட்டியலில் மறைந்துள்ள குறை

மற்றொரு குறை தேவையைக் கணக்கிடும் முறையில் உள்ளது. சென்ற ஆண்டு செலவான எண்ணிக்கையோடு ஒரு விழுக்காட்டைச் சேர்த்து அடுத்த ஆண்டுக்கான தேவைப் பட்டியலைத் தயாரிப்பது கிடங்குகளில் நிலவும் எளிய வழி. ஒரு மாவட்டத்தில் எந்நாளிலும் சராசரியாக 100 பேர் வீட்டில் குழாயுடன் இருப்பதாகக் கொள்வோம். 35 நாளுக்கு ஒரு குழாய் வீதம் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,040 குழாய்கள் தேவை. சென்ற ஆண்டு 300 குழாய்களே இருப்பில் இருந்தமையால் 300 மட்டுமே செலவாகியிருப்பின், 10 விழுக்காடு கூட்டி 330 குழாய்கள் கோரப்படும். எஞ்சிய 710 மாற்றங்கள் நிகழாமற் போனது எந்தப் பதிவேட்டிலும் இடம்பெறுவதில்லை. கிடைக்காமையால் குறைந்த நுகர்வு, தேவையின்மையாகப் படிக்கப்படுகிறது. நோயாளிகளின் எண்ணிக்கையிலிருந்தும் மாற்றும் கால அளவிலிருந்தும் தேவையைக் கணக்கிட்டு, அடைபட்டும் வெளிவந்தும் வீணாகும் குழாய்களுக்கென ஓரளவு சேமஇருப்பையும் சேர்ப்பதே இதற்குத் தீர்வு.

சட்டமும் தரமும்

மருத்துவக் கருவிகளின் தரத்தைக் காக்க நாட்டில் சட்ட ஏற்பாடுகள் உள்ளன. 1940ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுப் பொருட்கள் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட மருத்துவக் கருவிகள் விதிகள், 2017, அடுத்த ஆண்டு சனவரி முதல் நடைமுறைக்கு வந்தன. 2020 பிப்ரவரி அறிவிக்கையால் எல்லா மருத்துவக் கருவிகளும் ஒழுங்குமுறையின் வரம்பிற்குள் கொணரப்பட்டன. இடரின் அளவுக்கேற்ப நான்கு பிரிவுகளாகப் பகுக்கப்பட்ட கருவிகளுள், முதலிரு பிரிவுகளுக்கு 2022 அக்டோபரிலும், ஏனையவற்றுக்கு 2023 அக்டோபரிலும் உரிமம் கட்டாயமாயிற்று. கருவிகளால் நேரும் தீங்குகளைத் திரட்டி ஆராயும் பொருட்டு, காசியாபாத்திலுள்ள இந்திய மருந்து நூல் ஆணையத்தை ஒருங்கிணைப்பு மையமாகக் கொண்ட கண்காணிப்புத் திட்டம் 2015 சூலையில் தொடங்கப்பட்டது. விரைவில் வெடிக்கும் குழாயைப் பற்றியும், கழன்றுபோகும் இணைப்பைப் பற்றியும் செவிலியர் இதற்குத் தெரிவித்தால்தான், தரக்குறைவான பொருள் அடுத்த கொள்முதலில் இடம்பெறாமல் தடுக்க இயலும்.

ஊட்டுகுழாய்க்குரிய நீர்மம் தவறுதலாக இரத்தநாளக் குழாயில் இணைக்கப்படுவது மற்றோர் ஆபத்து. இதனைத் தவிர்க்க, இரத்தநாள இணைப்புகளோடு பொருந்தாத தனி இணைப்பு வடிவத்தைப் பன்னாட்டுத் தர அமைப்பு 2016ஆம் ஆண்டில் வரையறுத்தது. புதிய கொள்முதல்களில் குழாயும் சிரிஞ்சும் ஒரே வகை இணைப்பு உடையனவாக இருத்தலை உறுதி செய்வது அவசியம்.

உறையின்மீது வட்டத்தினுள் 2 என்னும் எண் அடிக்கப்பட்டிருப்பின், அப்பொருளை மறுமுறை பயன்படுத்தலாகாது என்பது பொருள். கழற்றிய குழாயைக் கழுவி மற்றொருவருக்குப் பொருத்துவது எந்நிலையிலும் கூடாது. உயிர்மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், 2016-இன்படி, மருத்துவமனையில் கழற்றப்படும் குழாய்கள் சிவப்புப் பையில் இடப்பட வேண்டியவை. வீட்டில் கழற்றப்பட்டவற்றையும் செவிலியர் உடன் எடுத்துச் செல்வது நல்ல ஏற்பாடு.

வீடு வரை நீளும் சேவை

2018 செப்டம்பரில் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி ஜன் ஆரோக்கியத் திட்டம், தகுதியுள்ள குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை உள்நோயாளிச் சிகிச்சைக்கு வழிவகுக்கிறது. 2024 அக்டோபரில் 70 வயது நிறைந்த அனைவருக்கும் இது விரிவாக்கப்பட்டது. மருத்துவமனையிலிருந்து வெளியேறியபின் 15 நாள் வரையிலான செலவும் இதில் அடங்கும். மாதக்கணக்கில் குழாயோடு வாழ்பவருக்குத் தேவைப்படும் மாற்றங்களுள் பெரும்பாலானவை இவ்வெல்லைக்கு அப்பால் நிகழ்கின்றன. அறுவைக்கும் படுக்கைக்கும் பாதுகாப்புப் பெற்ற குடும்பம், அதனினும் மிகச் சிறிய இச்செலவைத் தானே ஏற்க வேண்டியுள்ளது. ஏற்க இயலாதபோது, பழைய குழாயே நீடிக்கிறது.

இவ்விடைவெளியை நிரப்ப வழிகள் இல்லாமல் இல்லை. 2008ஆம் ஆண்டில் நோய்த்தணிப்புப் பராமரிப்புக் கொள்கையை அறிவித்த கேரளம், உள்ளாட்சி அமைப்புகளின் துணையோடு செவிலியரை நோயாளியின் வீட்டிற்கே அனுப்பும் முறையை வளர்த்துள்ளது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், வயிற்றறைவழிச் சிறுநீரகச் சுத்திகரிப்புக்கான பைகளையும் வீட்டில் வழங்குகிறது. தொடர்ந்து தேவைப்படும் பொருளை நோயாளியின் இல்லத்திற்குக் கொண்டு சேர்க்க அரசு அமைப்பால் இயலும் என்பதற்கு இவை சான்று. ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர்களாகப் பெயர் பெற்றுள்ள துணை மையங்களின் பணிகளில் முதியோர் பராமரிப்பும் நோய்த்தணிப்புப் பராமரிப்பும் அடங்கும். அங்குள்ள சமுதாய நல அலுவலருக்கு உரிய பயிற்சியும், பி.எச். தாளும், இரண்டு அளவுகளில் குழாய் இருப்பும் அளித்து, ஐயம் எழும்போது ஊடுகதிர் வசதியுள்ள மையத்திற்கு அனுப்பும் ஏற்பாட்டையும் செய்தால், புதிய கட்டடம் எதுவுமின்றி இச்சேவை இயங்கத் தொடங்கும்.

இதற்குத் துணையாக ஓர் எளிய அட்டை போதும். குழாயின் வகை, பருமன், பொருத்திய நாள், மூக்கோரத்து அளவு, மாற்ற வேண்டிய நாள், பொறுப்பான செவிலியரின் பெயர், அவசரத்தில் செல்ல வேண்டிய மருத்துவமனை ஆகியவை அதில் எழுதப்பட வேண்டும். ஒரு படி வீட்டாரிடமும், மறுபடி துணை மையத்திலும் இருக்கட்டும். மாற்ற வேண்டிய நாட்களைத் தொகுத்தால் மாவட்டத்தின் தேவைப் பட்டியல் தானே உருவாகும். நோயாளியின் பாதுகாப்புக்கும் கிடங்கின் கணக்கிற்கும் ஒரே ஆவணம் பயன்படும்.

ஒரு சேவையின் தரத்தை அது தொடங்கப்பட்ட நாளைக் கொண்டு மட்டும் மதிப்பிட இயலாது. ஆறு மாதம் கழித்து அது எவ்வாறு நடைபெறுகிறது என்பதையும் நோக்குதல் வேண்டும். குழாய் பொருத்தப்பட்ட நோயாளிகளின் எண்ணிக்கையோடு, உரிய நாளில் குழாய் மாற்றப்பட்டோரின் எண்ணிக்கையையும் நம் மாத அறிக்கைகள் கேட்கத் தொடங்குமாயின், வீட்டில் படுத்திருக்கும் நோயாளியும் திட்டத்தின் பயனை முழுமையாகப் பெறுவார்.